கொடுத்து வளர்த்த செல்வம்
(தாவரவியல் அறிஞர் இராபர்ட் வைட் வாழ்க்கை)

பொருட்செல்வம் கொடுக்கக் கொடுக்கக் குறையும், கல்விச் செல்வம் கொடுக்கக் கொடுக்க வளரும் என்று சிறு வகுப்பிலிருந்தே கேட்டு வருகிறோம். தேர்வில் கட்டுரை எழுதும்போது அதனைத் தவறாமல் எழுதியும் விடுகிறோம். ஆனால், அரும்பாடுபட்டுச் சேர்த்த அறிவைப் பிறருக்கு உண்மையாகவே அள்ளிக் கொடுத்தவர் யார், கொடுத்ததனால் அவர் இழந்தது என்ன, உலகம் பெற்றது என்ன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அப்படிக் கொடுத்த ஒருவர் நம் பழனி மலைக்கே வந்திருக்கிறார். இங்குள்ள செடிகொடிகளைத் திரட்டி, உலகத்து அறிஞர்களின் கண்முன் வைத்திருக்கிறார். அவர்தாம் இராபர்ட் வைட் என்னும் மருத்துவர். தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிப் படிப்போர் அனைவரும் அறிந்த அவருடைய பெயரை, அவர் நடந்த மலையிலேயே வாழும் நாமும் அறிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

பிறப்பும் கல்வியும்

இராபர்ட் வைட் 1796ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டில் கிழக்கு லோதியன் என்னும் பகுதியில் பிறந்தார். தந்தையார் எடின்பரோ நகரத்து வழக்கறிஞர். வைட் அந்நகரிலேயே பள்ளிக் கல்வியையும் பல்கலைக்கழக மருத்துவக் கல்வியையும் முடித்து, 1818இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

மருத்துவம் படித்தவர் செடிகொடிகளில் நாட்டம் கொண்டது எப்படி என்று நமக்குத் தோன்றலாம். அக்காலத்தில் மருந்துகளில் பெரும்பாலானவை வேர், இலை, பட்டை, விதை இவற்றிலிருந்தே கிடைத்தன. ஆகவே மருத்துவ மாணவர்கள் தாவரவியலும் கற்றாக வேண்டும். மற்றவர்களுக்குத் தேர்வுப் பாடமாக இருந்தது வைட்டுக்கு வாழ்நாள் முழுவதும் தொடர்ந்த பற்றாக ஆயிற்று.

1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராக அவர் சென்னை மாகாணத்துக்கு வந்து சேர்ந்தார். பட்டாளத்து வீரர்களின் காய்ச்சலையும் காயங்களையும் கவனிப்பது அவருடைய வேலை. ஓய்வு கிடைத்த போதெல்லாம் வயல் வரப்பிலும் ஆற்றங்கரையிலும் காட்டிலும் செடி சேர்ப்பது அவருடைய விருப்பம்.

செடியைச் சேர்ப்பது எப்படி?

செடி சேர்ப்பது என்றால் நாம் புத்தகத்துக்குள் மயிலிறகும் இலையும் வைப்பதைப் போன்றதன்று. அது பொறுமையும் ஒழுங்கும் வேண்டும் வேலை. பூவோடும், கிடைத்தால் காயோடும் ஒரு கிளையைக் கொய்ய வேண்டும். இலையின் மேற்புறமும் அடிப்புறமும் தெரியும்படி தாளின்மேல் பரப்ப வேண்டும். மேலும் தாள்களை அடுக்கிப் பலகைகளுக்கிடையே வைத்து இறுக்க வேண்டும். ஈரம் போகும்வரை நாள்தோறும் தாளை மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் ஒரு நாள் சோம்பியிருந்தாலும் பூஞ்சணம் பிடித்துவிடும். பூஞ்சணத்துக்குத் தப்பினால் செல்லும் பூச்சியும் காத்திருக்கும்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு மிக முக்கியமான வேலை ஒன்று உண்டு. எந்த ஊரில், எந்த நாளில், யார் எடுத்தது என்னும் சீட்டை அதனோடு சேர்க்க வேண்டும். சீட்டில்லாத செடி வெறும் சருகே. சீட்டு இருந்துவிட்டால் அதுவே சான்று. இன்ன ஆண்டில் இன்ன இடத்தில் இந்தச் செடி இருந்தது என்பதற்கு அது நூறு, இருநூறு ஆண்டுகள் கழித்தும் சாட்சி சொல்லும். இவ்வாறு உலர்த்தி அடுக்கிய செடிகளின் தொகுப்பையே ஹெர்பேரியம் என்று அழைக்கிறோம். இன்று அறிவியலார் தரவு என்று சொல்வதும் இதைப் போன்ற சான்றுகளைத்தான்.

வைட் முதன்முதலில் திரட்டிய செடிகளை எடின்பரோவில் இருந்த பேராசிரியர் கிரகாம் அவர்களுக்குக் கப்பலில் அனுப்பினார். அந்தக் கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையருகே விபத்துக்குள்ளாயிற்று. செடிகள் அனைத்தும் கடலுக்கு இரையாயின. ஒரே ஒரு படியை ஒரே இடத்தில் வைத்திருந்தால் ஒரு விபத்தில் எல்லாம் போய்விடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பதவி வந்தது, பதவி போனது

1826இல் சென்னை அரசு அவரை இயற்கை ஆய்வாளராக நியமித்தது. விரும்பிய வேலையே கடமையாகவும் கிடைத்தது. தென்மாவட்டங்களில் நெடும்பயணம் செய்து ஏராளமான செடிகளைச் சேர்த்தார். ஆனால் இரண்டே ஆண்டுகளில், அதாவது 1828இல், செலவைக் குறைக்க வேண்டும் என்று ஆளுநர் லஷிங்டன் அந்தப் பதவியையே நீக்கிவிட்டார். அரசுக்கென்று சேர்த்த தொகுப்புகள் இலண்டனுக்குப் போயின. வைட் நாகப்பட்டினத்தில் பட்டாளத்து மருத்துவராகப் பழைய வேலைக்கே திரும்பினார்.

பதவி போயிற்று, இனி நமக்கென்ன என்று அவர் இருந்துவிடவில்லை. தம் சொந்தச் செலவில் ஆட்களை அமர்த்திக்கொண்டு செடிகளைச் சேர்த்தார். ஓவியர் ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டார். கிளாஸ்கோ நகரத்துப் பேராசிரியர் வில்லியம் ஹூக்கருடன் கடிதத் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு, செடிகளையும் படங்களையும் அவருக்கு அனுப்பி வந்தார். ஹூக்கர் அவற்றை அறிவியல் இதழில் வெளியிட்டு உலகறியச் செய்தார்.

இரண்டு டன் செடிகள்

1831இல் வைட் மூன்றாண்டு விடுமுறையில் தாய்நாட்டுக்குப் புறப்பட்டார். அவருடன் கப்பலேறிய பெட்டிகளின் எடை ஏறக்குறைய 2 டன். அவற்றில் இருந்தவை பட்டோ, முத்தோ, மிளகோ அல்ல. சுமார் 1,00,000 உலர்ந்த செடி மாதிரிகள்! அவை மூவாயிரம், நாலாயிரம் சிற்றினங்களைச் சேர்ந்தவை. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு சிற்றினத்துக்கும் சராசரியாக இருபத்தைந்து, முப்பது படிகள் இருந்திருக்க வேண்டும்.

ஒரே செடிக்கு இத்தனை படிகள் எதற்கு? பிறருக்குக் கொடுப்பதற்குத்தான்.

வைட்டும் அவருடைய நண்பர் வாக்கர் ஆர்நாட்டும் ஸ்காட்லாந்தில் அமர்ந்து அந்தச் செடிகளைப் பிரித்து அடுக்கினர். ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, அந்தப் பட்டியலைக் கல்லச்சில் அச்சிட்டனர். பின்னர் படிகளைக் கட்டுக் கட்டாக ஐரோப்பாவின் பல நாடுகளில் இருந்த அறிஞர்களுக்கு அனுப்பினர். எண் ஒன்றாக இருந்ததால், ஒருவர் ஒரு செடியைப் பற்றி எழுதினால் மற்றொரு நாட்டில் இருப்பவர் அதே எண்ணுள்ள தம் படியை எடுத்துப் பார்த்துச் சரியா, தவறா என்று சொல்ல முடிந்தது. அறிவியலில் ஒருவர் சொல்வதை மற்றொருவர் சோதித்துப் பார்க்க இடமிருக்க வேண்டும். இல்லையேல் அது அறிவியல் ஆகாது. சோதிப்பதற்கு வேண்டிய பொருளையே வைட் எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டார்.

இதே காலத்தில் வங்காளத்திலிருந்து வந்த நதானியல் வாலிச் என்பவரும் கம்பெனியின் பெருந்தொகுப்பை இலண்டனில் பிரித்துப் பல நாட்டவருக்கும் வழங்கிக்கொண்டிருந்தார். ஆனால் வாலிச் வழங்கியது கம்பெனியின் பொருள். வைட் வழங்கியது பெரும்பாலும் தம் கைப்பணத்தால் சேர்த்த பொருள்.

கொடுத்ததன் விலை

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தாவரவியலில் ஒரு புதிய செடியை முதலில் விவரித்து, பெயரிட்டு வெளியிடுபவரின் பெயர் அச்செடியின் பெயருக்குப் பின்னே என்றென்றைக்கும் நிற்கும். அதுவே அந்தத் துறையில் பெரும் புகழ். வைட் தம்மிடமிருந்த செடிகளைப் பூட்டி வைத்திருந்தால் காலப்போக்கில் அவை அனைத்துக்கும் தாமே பெயரிட்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகளை ஜெனீவாவில் இருந்த டி கண்டோலிடம் கொடுத்தார். கோரைக் குடும்பத்தை ஜெர்மானிய அறிஞர் நீஸ் வான் ஏசன்பெக்கிடம் கொடுத்தார். ஆர்க்கிடுகள் லிண்ட்லியிடமும், துளசிக் குடும்பம் பெந்தமிடமும் சென்றன. எந்தக் குடும்பத்தில் யார் வல்லவரோ அவரிடம் அது போய்ச் சேர்ந்தது. ஆகவே தென்னாட்டுச் செடிகள் பலவற்றின் பின்னே இன்று நிற்பவை அவர்களுடைய பெயர்கள்.

வைட் புகழை வெறுத்த துறவி என்று நாம் கருத வேண்டியதில்லை. அவரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய சிற்றினங்களையும் நூற்றுக்கு மேற்பட்ட புதிய பேரினங்களையும் விவரித்தவர்தாம். ஆனால் ஒருவர் வாழ்நாளில் செய்து முடிக்க முடியாத வேலை இது என்பதை அவர் உணர்ந்திருந்தார். தாம் முடிக்கும் வரை செடிகள் பெட்டியில் கிடந்து செல்லரிப்பதைவிட, வல்லவர் கைக்குப் போவதே நல்லது என்று முடிவு செய்தார். 1834இல் வெளிவந்த இந்தியத் தாவரவியல் பற்றிய அவருடைய நூல் ஒன்றில் பல நாட்டு அறிஞர்களின் கட்டுரைகள் சேர்ந்திருப்பதை இன்றும் காணலாம். அதே ஆண்டில் அவரும் ஆர்நாட்டும் எழுதிய தீபகற்ப இந்தியத் தாவர நூலின் முதல் தொகுதியும் வெளிவந்தது.

பழனி மலையில்

1834இல் வைட் மீண்டும் இந்தியா வந்தார். பெல்லாரியில் இருந்த படைப்பிரிவில் வேலை. அந்தப் படைப்பிரிவு தெற்கே பாளையங்கோட்டைக்கு மாற்றப்பட்டபோது, ஏறக்குறைய 700 மைல் தூரத்தை அதனுடன் கடந்தார். வழியெல்லாம் செடிகள் சேர்த்துக்கொண்டே வந்தார் என்று சொல்லவும் வேண்டுமோ? குற்றால மலையின் செடிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை.

1836ஆம் ஆண்டு நமக்கு முக்கியமான ஆண்டு. அவ்வாண்டில் அவர் இலங்கைக்கும் சென்றார். நம் பழனி மலைக்கும் வந்தார். வராககிரி என்று பழம்பெயர் கொண்ட இம்மலையைப் பற்றி அவர் எழுதிய குறிப்புகள் 1837இல் சென்னை அறிவியல் இதழ் ஒன்றில் வெளிவந்தன.

அன்றைய மலையை நாம் கற்பனை செய்து பார்ப்போம். 1821இல் வார்டு என்னும் அதிகாரி இம்மலையை அளந்திருந்தார். செண்பகனூர்ப் பக்கம் ஆங்கிலேயர் கட்டிய வீடு ஒன்று அப்போதுதான் எழுந்திருந்தது. கோடைக்கானல் என்னும் நகரம் இல்லை. 1863இல் அமைந்த ஏரி இல்லை. 1866இல் எழுந்த சலேத் மாதா ஆலயம் இல்லை. நாம் குடியிருக்கும் நாயுடுபுரம் இல்லை. யூகலிப்டஸ் இல்லை, பைன் இல்லை, சீகை மரமும் இல்லை. பளியரும் குன்னுவரும் அறிந்த ஒற்றையடிப் பாதைகள் இருந்தன. அலையலையாகப் புல்வெளிக் குன்றுகள், குன்றுகளின் மடிப்புகளில் ஓடையை ஒட்டிக் கரும்பச்சைச் சோலைகள், சோலை ஓரத்தில் செந்நிறப் பூக்கள் பூத்த காட்டுப்பூவரச மரங்கள். சில நாட்களே தங்கினாலும் நூற்றுக்கணக்கான சிற்றினங்களை வைட் திரட்டினார். இம்மலையின் தாவரங்களை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர் என்னும் பெருமை அவருக்கே உரியது.

நம் சோலைகளில் வளரும் ஐலெக்ஸ் மரம் ஒன்றின் அறிவியல் பெயர் ஐலெக்ஸ் வைட்டியானா என்பதாகும். வேறு பல செடிகளும் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கின்றன.

ரங்கையாவும் கோவிந்தும்

வைட்டின் வாழ்க்கையைச் சொல்லும்போது இரு ஓவியர்களைச் சொல்லாமல் விடுவது நன்றி மறந்த செயலாகும். முதலில் ரங்கையாவும் அவருக்குப் பின் கோவிந்தும் அவருக்காகச் செடிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தனர். இலையின் நரம்பும், பூவிதழின் மடிப்பும், உருப்பெருக்கிக் கண்ணாடியில் மட்டுமே தெரியும் மகரந்தப் பையும் அவர்களுடைய தூரிகைக்குத் தப்பவில்லை.

செடிகளை அனுப்ப முடியாத இடத்துக்குப் படத்தை அனுப்பலாம் அல்லவா? ஆனால் அக்காலத்து வண்ணப்பட நூல்கள் செல்வர்கள் மட்டுமே வாங்கக் கூடியவை. வைட் கல்லச்சுத் தொழிலைத் தாமே கற்றுக்கொண்டார். வழவழப்பான ஒருவகைக் கல்லின்மேல் கொழுப்பு மையால் படம் எழுதி, அதிலிருந்து தாளில் அச்செடுப்பது அம்முறை. வண்ணம் தீட்டாமல் வெறுங்கோட்டுப் படங்களாகவே சென்னையில் அச்சிட்டார். அழகு சற்றுக் குறைந்தாலும் விலை குறைந்தது. இந்தியாவில் தொலைதூர ஊரில் வேலை பார்க்கும் ஒரு மருத்துவர்கூட வாங்கிப் பயன்படுத்த வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். ஐக்கோன்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த நூல் 1838 முதல் 1853 வரை 6 தொகுதிகளாக வெளிவந்தது. மொத்தம் 2101 படங்கள். பதினைந்து ஆண்டுகளில் சராசரியாக இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு படம். இதற்கிடையே 1838இல் திருமணமும், 1842 முதல் கோயம்புத்தூரில் பருத்தி ஆராய்ச்சிப் பணியும் வேறு! அமெரிக்கப் பருத்தியை இம்மண்ணில் வளர்க்கும் அந்த முயற்சியை அவர் பல ஆண்டுகள் நடத்தினார்.

படங்களின் ஓரத்தில் ரங்கையா, கோவிந்து ஆகியோரின் பெயர்களை அச்சிட்டதோடு, ஓர் ஆர்க்கிடு பேரினத்துக்குக் கோவிந்தூயியா என்றே வைட் பெயரிட்டார். இந்திய ஓவியர் பெயரை வெளியே சொல்லாத அக்காலத்தில் இது அரிய செயல். ஆனால் அவருக்காகக் காடு மேடெல்லாம் அலைந்து செடி பறித்தவர்களும், இந்தச் செடி இந்தச் சோலையில் இருக்கும் என்று வழிகாட்டிய மலைமக்களும் இருந்திருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை. அறிவைப் பங்கிட்ட வைட்டின் வாழ்க்கையில் பங்கு கிடைக்காதவர்கள் அவர்களே. இதனையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இறுதி நாட்கள்

1853இல் வைட் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றார். ரெடிங் நகருக்கு அருகில் கிரேஸ்லி என்னும் ஊரில் நிலம் வாங்கிப் பயிர் செய்து வாழ்ந்தார். தம்மிடம் எஞ்சியிருந்த தாவரத் தொகுப்பையும் 1871இல் கியூ தாவரத் தோட்டத்துக்கு வழங்கிவிட்டு, மறு ஆண்டு மே 26ஆம் நாள் இயற்கை எய்தினார். அதே 1872ஆம் ஆண்டில்தான் ஜோசப் ஹூக்கரின் இந்தியத் தாவரப் பெருநூல் வெளிவரத் தொடங்கியது. அவர் வைட்டுக்கு உதவிய வில்லியம் ஹூக்கரின் மகன். 7 தொகுதிகள் கொண்ட அந்த நூலின் பக்கங்களைப் புரட்டினால் வைட்டின் பெயர் மீண்டும் மீண்டும் வரும்.

அவர் விட்டுச் சென்ற வழி

வைட் தொடங்கிய வேலை நம் மலையில் நின்றுவிடவில்லை. 1895இல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியை நிறுவிய இயேசு சபைக் குருக்கள் செடிகளையும் பூச்சிகளையும் சேர்த்து அருங்காட்சியகம் அமைத்தனர். அருட்தந்தை ஆங்கிளேடு நம் மலைப் பூக்களை வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பைசன் நீலகிரி, பழனி மலைகளின் உச்சித் தாவரங்களைப் பற்றி நூல் எழுதினார். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியத்தை அமைத்த அருட்தந்தை கே. எம். மேத்யூ, 1999இல் பழனி மலைத் தாவரங்களைப் பற்றி 3 தொகுதிகள் கொண்ட நூலை வெளியிட்டார்.

இன்று வைட்டின் ஐக்கோன்ஸ் முழுவதையும் இணையத்தில் காசு கொடுக்காமல் பார்க்கலாம். எடின்பரோவிலும் கியூவிலும் உள்ள அவருடைய செடி மாதிரிகள் பலவும் படம் எடுக்கப்பட்டு எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளன. 1836இல் இங்கிருந்து போன செடியை, நாம் பள்ளிக் கணினியிலேயே திருப்பிக் காண வழி உண்டு. 2001இல் தொடங்கிய உலகப் பல்லுயிர்த் தகவல் அமைப்பு பல நாட்டு அருங்காட்சியகங்களின் சீட்டுகளை ஒன்றாகத் திரட்டி, கோடிக்கணக்கான பதிவுகளை இலவசமாக வழங்குகிறது. சூழலியலிலும் பரிணாம உயிரியலிலும் முன்னணியில் உள்ள சில ஆய்விதழ்கள், ஒரு கட்டுரையை வெளியிட வேண்டுமானால் அதன் தரவுகளையும் பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று 2011 முதல் விதி செய்தன. பாடுபட்டவருக்கு அநீதி நேரக்கூடாது என்பதற்காக, விரும்பினால் ஓராண்டு வரை அதனைத் திறக்காமல் வைத்திருக்கவும் இடம் தந்தன. வைட் சட்டமில்லாமல் செய்ததை இன்று சட்டம் செய்யச் சொல்கிறது.

எதையும் எல்லோருக்கும் சொல்லிவிடலாமா என்றால், அதற்கும் ஓர் எல்லை உண்டு. அரிய ஆர்க்கிடு வளரும் இடத்தைத் துல்லியமாக வெளியிட்டால் ஆராய்ச்சியாளருக்கு முன்னே திருடர் போய்ச் சேர்வர். ஆகவே அத்தகைய இடங்களை மட்டும் மறைத்து வைப்பது வழக்கம். கொடுப்பதிலும் அறிவு வேண்டும்.

நமக்கு என்ன?

இவையெல்லாம் அறிஞர்களின் காரியம், நமக்கு என்ன என்று கேட்கலாம். 2018இல் வெளியான ஓர் ஆய்வு நம் மலையைப் பற்றியது. 1973 முதல் 2014 வரை விண்ணிலிருந்து எடுத்த படங்களை ஒப்பிட்டு அதனைச் செய்தார்கள். அந்த லேண்ட்சாட் படங்களை அமெரிக்கா 2008இல்தான் உலகத்துக்கு இலவசமாகத் திறந்தது. ஆய்வின் முடிவு நெஞ்சைச் சுடுகிறது. நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. தைல மரமும் சீகையும் பைனும் வயல்களும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. பசுமையாக இருப்பதெல்லாம் காடுதானே என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். பசுமை மாறாமலே மலை மாறிவிட்டது என்பதைப் பழைய பதிவு இல்லாமல் யார் கண்டுபிடித்திருக்க முடியும்?

புல்வெளி மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைகளுக்கு மெல்ல மெல்ல விடுகிறது. நாம் குடிக்கும் நீரும், அடிவாரத்து ஊர்களின் நீரும் அதனைச் சார்ந்தவை. புல்வெளியை மீட்க வேண்டுமென்றால் அங்கே முன்பு என்ன வளர்ந்தது என்று தெரிய வேண்டும். அதற்கு விடை சொல்லும் சான்றுகளில் வைட்டின் உலர்ந்த செடிகளும் அடங்கும். அவர் அவற்றை ஒரே பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் அவை பூச்சிக்கோ நெருப்புக்கோ இரையாகியிருக்கலாம். 1943இல் பெர்லின் நகரத்துப் பெருங்களஞ்சியம் போரில் எரிந்தபோது இலட்சக்கணக்கான மாதிரிகள் சாம்பலாயின. வேறு நகரங்களுக்குக் கொடுத்திருந்த படிகள் மட்டுமே பிழைத்தன. வைத்திருந்தது போயிற்று, கொடுத்தது நின்றது.

குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும். 2006இலும் 2018இலும் நம் மலையில் பூத்தது. நீண்ட ஆயுள் உடையவர்கூட அதனை ஆறேழு முறைதான் காண முடியும். ஆகவே அதன் கணக்கை ஒருவர் தம் நினைவிலிருந்து மட்டும் சொல்லிவிட முடியாது. பாட்டி கண்டதைத் தாய் குறித்து வைக்க வேண்டும், தாய் குறித்ததை மகள் தொடர வேண்டும். இயற்கையைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி இப்படிப்பட்டதே. ஒருவர் ஆயுளில் அடங்காது, ஒருவர் பெட்டியிலும் அடங்கக் கூடாது.

தோழியரே! நாம் எல்லோரும் தாவரவியல் அறிஞர் ஆகப் போவதில்லை. ஆனால் நம் தெருவில் காட்டுப்பூவரசு எந்த மாதம் பூத்தது, முதல் மழை என்று வந்தது, ஓடை எப்போது வற்றியது என்று நாளும் இடமும் இட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்க நம்மால் முடியும். எழுதியதை அடுத்த வகுப்பு மாணவியர் கையில் கொடுத்துச் செல்லவும் முடியும். செடி காட்டித் தந்த பாட்டியின் பெயரையும் அதில் எழுதுவோம். 2030இல் குறிஞ்சி மீண்டும் பூக்கும்போது நாம் எங்கெங்கோ இருப்போம். அன்று நம் பள்ளியில் படிக்கும் சிறுமி ஒருத்தி அந்த நோட்டைப் பிரித்துப் பார்த்து, அவள் காண்பதையும் அதில் சேர்த்து எழுதுவாளாக!

— பத்தாம் வகுப்பு மாணவி, நாயுடுபுரம்